எண்ணெய் குடித்த லேப்டாப்

அந்தத் தையல் மெஷின் மெக்கானிக்கைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒரு சொட்டு' என்றால் போதும். எது இறுகினாலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. மெஷினோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. கதவுக் கீல், குடைக்கம்பி, கத்தரிக்கோல் ஒன்றையும் விட்டுவைக்கமாட்டார். மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கும் ஒருமுறை விட்டார். அன்றிலிருந்து அது அவள் மூக்கில் நிற்பதே இல்லை.

கண்ணாடி நின்றாலும் பெரிய பயனில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்குப் பார்வை மங்கல். வெளியூரில் படிக்கும் ஒரே மகள் வாரம் தவறாமல் வீடியோவில் பேசுவாள். அம்மாவும் தவறாமல், "தலை பின்னிக்கிட்டியாடி?" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்று பதில் வரும். ஆனால் போனில் அந்த முகம் கலங்கிய தண்ணீருக்குள் தெரிவது போலத்தான் தெரியும். "குரல் போதும் எனக்கு" என்பாள். போதவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இன்று மதியம் மகள் கல்லூரி மேடையில் பேசுகிறாள், நேரலையில் காட்டுகிறார்கள். "பெரிய டிவியிலயே உனக்குக் காட்டுறேன் பாரு" என்று மனைவிக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை டிவியோடு இணைத்தார். 'சிக்னல் இல்லை' என்று சாதித்தது டிவி. கேபிளைக் கழற்றி மாட்டினார். டிவியின் வேறு துளையில் செருகிப் பார்த்தார். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். ஊஹூம். அதே கேபிளை செட்டாப் பாக்ஸில் மாட்டினால் படம் பளிச்சென்று வந்தது. ஆக, கேபிளும் யோக்கியம், டிவியும் யோக்கியம். லேப்டாப்பின் துளைக்குள் டார்ச் அடித்தார். நூல் பிசிறு பஞ்சாக அடைந்து, எண்ணெயில் ஊறி மினுமினுத்தது. டார்ச்சைச் சட்டென்று அணைத்தார்.

வேறு வழியில்லை, மகளைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அந்தத் துளையில எண்ணெய் ஏதும் விட்டீங்களா?" என்றாள் மகள், எடுத்த எடுப்பிலேயே.

அவர் தொண்டையைச் செருமினார்.

"விட்டிருக்கார்டி" என்றாள் மனைவி பக்கத்திலிருந்து. "பேச்சு நின்னா விட்டாச்சுன்னுதான் அர்த்தம்."

"செருகுறப்ப இறுக்கமா இருந்துச்சும்மா. ஒரே ஒரு சொட்டுதான்..."

மகளுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. "சரி, அதை விடுங்க. பக்கத்துலயே அகலமா, நீலக் கலர்ல இன்னொண்ணு இருக்கும். அதுக்கான கேபிள் பரண்ல கிடக்கு, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ வச்சது. டிவிக்குப் பின்னாலயும் அதே மாதிரி இருக்கும். மாட்டிட்டு, கீபோர்டுல எஃப்என்னு போட்ட பொத்தானைப் பிடிச்சுக்கிட்டே டிவி படம் போட்ட பொத்தானை அமுக்குங்க." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏம்ப்பா, அம்மாவுக்கு அதுல நல்லாத் தெரியுமா?"

"தெரியாம? பளிச்சுன்னு தெரியும்!"

"ம்..." என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டாள். ஏன் இழுத்தாள் என்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்?

ஸ்க்ரூ வைத்த சாமான் என்றால் கேட்கவேண்டுமா, நிமிஷத்தில் திருகி முடித்தார். ஆனால் அந்தப் பொத்தான் இறுகிக் கிடந்தது. கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடியது. குப்பி மனைவியின் மடியில் பத்திரமாக இருந்தது.

"மொதல்ல அழுத்திப் பாருங்க" என்றாள்.

கட்டைவிரலால் பலம் கொண்டமட்டும் அழுத்தினார். டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. படம் வந்தேவிட்டது! சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்து வந்தது. வரட்டுமே. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மேடைக்கு மகள் வந்தாள். திரை நிறைய அவள் முகம். கழுத்தோடு வெட்டிவிட்ட முடி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடியை வெட்டி மாதக்கணக்காகிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை என்றதும் அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அவர் திருதிருவென்று விழித்தார்.

மனைவி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகள் பேசி முடிக்கும்வரை நகரவில்லை. கைதட்டல் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள். "என்னோட நெத்தி. இத்தனை நாளா என் கண்ணுக்குத் தெரியாமக் கிடந்திருக்கு."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனிமே வாராவாரம் டிவியிலதான் பேச்சு" என்றாள் அவள். "அப்பனும் மகளும் என்கிட்ட எதை மறைக்கிறீங்கன்னு பாக்குறேன்."

எண்ணெய்க் குப்பியை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை.