இத்ரீஸ் பாயின் வலது கால்

மாரண்டஹள்ளியில் இத்ரீஸ் பாயிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். காலர் முடிந்தால் ஒரு பீடி, கை முடிந்தால் ஒரு பீடி, பட்டனுக்குக் காஜா எடுத்ததும் இன்னொன்று. "எப்பங்க ரெடியாவும்?" என்று கேட்டால், "ரெண்டு பீடி நேரம், உக்காருங்க" என்பார். துணியில் பொறி விழுந்துவிடக் கூடாதென்று கடைக்கு வெளியே போய் நின்றுதான் பிடிப்பார். துணியின் மேல் இருந்த அக்கறை மனிதருக்கு உடம்பின் மேல் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், மிஷினை மிதிக்கும் வலது காலின் சுண்டுவிரல் கறுத்துப்போனது.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். பீடிப் புகை காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாம். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பீடியை விட்டா கால் இருக்கும். விடலைன்னா இருக்காது." வெளியே வந்த பாய், பயம் தாங்காமல் முதல் வேலையாக ஒரு பீடியைப் பற்றவைத்தார். மனைவி மெஹ்ஜபீன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவு எங்கே என்று விசாரித்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மலர்விழி என்றொரு ஆலோசகர். மாத்திரை தருவார் என்று பார்த்தால், கண்ணை மூடி உட்காரச் சொன்னார். "பீடி கேக்குதுன்னா அதோட சண்டை போடாதீங்க பாய். உடம்புல எங்க கேக்குதுன்னு பாருங்க. தொண்டையிலயா, நெஞ்சுலயா, விரல்லயா? அது வரும், நிக்கும், போயிடும். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா மேடம் ரெண்டு பஸ் ஏறி வந்தேன்?"

"நோன்பு வைப்பீங்களா?"

"பன்னெண்டு வயசுல இருந்து ஒண்ணு விட்டதில்லீங்க."

"பகல்ல பீடி கேக்குமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? கேட்டுட்டுப் போவட்டும்னு இருப்பேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"அதையேதாங்க நானும் சொல்றேன்."

கிளம்பும்போது மலர்விழி இன்னொன்றும் சொன்னார். அடுத்த பீடியை வேறு நினைப்பே இல்லாமல் குடித்துப் பார்த்து, அது எப்படி ருசித்தது என்று சொல்ல வேண்டும். மறுநாள் கடை வாசலில் நின்று மெதுவாக இழுத்தார். நைலான் துணியில் சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அந்த நாற்றம். முப்பது வருடமாக இதையா உள்ளே இழுத்தோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. பாதியில் நசுக்கினார். ரமலான் பிறக்க அப்போது பத்து நாள் இருந்தது.

நோன்புக் காலத்தில் பகல் ஒரு பொருட்டில்லை. மாலையில் நோன்பு திறந்ததும்தான் ஆபத்து. மற்ற வருடங்களில் பேரீச்சங்கொட்டையைத் துப்பும் முன்பே கை சட்டைப் பைக்குப் போய்விடும். இந்த வருடம் கஞ்சி குடித்த கையோடு மிஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மெஹ்ஜபீன் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவர்கள் வீட்டில் பேச்சு உருதுவில்தான். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், தெருவுக்கும் கேட்கட்டும் என்று. அப்படிப்பட்டவள் அந்த அரை மணி நேரம் வாயே திறக்க மாட்டாள். வந்தது, நின்றது, போனது. நோன்பு நாட்கள் ஒவ்வொன்றாக அப்படியே கடந்தன.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பாதத்தில் வலி தொடங்கியது. இங்கேதான் மனிதர் தப்புப் பண்ணினார். கால் வலித்தால் பீடி, பீடி குடித்தால் கொஞ்சம் மறதி என்று வருடக்கணக்காகப் பழகியவர். அதனால் வலி வந்ததும், பழைய பீடி ஆசைதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். கண்ணை மூடினார். வலி வந்தது. நின்றது. போகவில்லை. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

ஒரு போன் போட்டிருக்கலாம். மலர்விழியின் நம்பர் மிஷின் பலகையில் சாக்பீஸால் எழுதியே இருந்தது. மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், பீடிக்கு வழி தேடுகிறார் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று கூச்சம். ஊரெல்லாம் "எங்க வூட்டுக்காரரு பீடிய வுட்டுட்டாரு" என்று சொல்லித் திரிந்தவள் அவள். விரல் எடுத்த காயம் இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. பெருநாள் துணிகள் வேறு குவிந்து கிடந்ததால், அதற்குக் கட்டு மாற்றவும் போகவில்லை. தொழுகைக்கு முன் கால் கழுவ வேண்டும்தான். ஆனால் காயத்தில் கட்டு இருந்தால் அதன் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். ஐந்து வேளையும் தடவினார். உள்ளே என்ன நடக்கிறதென்று அவரும் பார்க்கவில்லை.

பெருநாள் காலையில், புது வேட்டிக்கு அழுக்குக் கட்டு வேண்டாமென்று மெஹ்ஜபீன் அதை அவிழ்த்தாள். அன்று அவள் தமிழிலும் கத்தவில்லை, உருதுவிலும் கத்தவில்லை. அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "வலி ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். மலர்விழி வார்டுக்கு ஓடி வந்தார். "நான் பீடி ஆசையைத்தானே பாய் சொன்னேன்? வலியைச் சொல்லலையே!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு மேடம்" என்றார் பாய். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பாய்க்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நாப்பத்தோரு நாள் ஆச்சு, ஒண்ணுகூடக் குடிக்கலீங்க. எழுதிக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த வாரம், டீக்கடை மாதையன் பார்க்க வந்தார். ஆற்றாமையில் ஒரு பீடிக் கட்டை நீட்டினார். "இன்னிமேட்டு என்ன பாய் போவப்போவுது? ஒண்ணு இழு, மனசு ஆறும்."

பாய் தன் இடது காலைக் காட்டினார். "இன்னொண்ணு இருக்குதுங்களே." மாதையன் கட்டை மடியில் செருகிக்கொண்டு தலைகுனிந்தார்.

இப்போது மிஷினுக்கு மோட்டார் வைத்து, இடது காலால் அழுத்தித் தைக்கிறார். ஆனால் போன கால் போகவில்லை. சாயங்காலமானால் அந்தப் பாதம் வலிக்கிறது. எப்போதோ எடுத்தெறிந்த சுண்டுவிரல்கூடத் தனியாகக் குத்துகிறது. கால் போனது மூளைக்கு இன்னும் தெரியவில்லை, போகப்போகக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரைக்கு அடங்காத மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

பாய் கண்ணை மூடி உட்காருகிறார். மெஹ்ஜபீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறாள். இப்போதெல்லாம் அவர் எதையும் மறைப்பதில்லை. "வலிக்குது" என்கிறார்.

"எங்க?"

லுங்கி தட்டையாகக் கிடக்கும் இடத்தில், வெறும் தரையைக் கை நீட்டிக் காட்டுகிறார். அவள் குனிந்து அந்தத் தரையை மெதுவாகப் பிடித்துவிடுகிறாள்.