பன்னிரண்டாவது சமையல் வண்டி

1. "எல்லாம் இருக்கு சார்"

வியாழக்கிழமை காலை கர்னல் என்னைக் கூப்பிட்டார். "மணி, திங்கட்கிழமை மூணு நாட்டு ஆளுங்களும் மாவ்பிக்கு வர்றாங்க. பன்னண்டு கிச்சனும் வரிசையா நிக்கணும். நிக்கும்ல?"

"எல்லாம் இருக்கு சார்" என்றேன்.

பதினொன்றுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

யாங்கோனில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் ராணுவப் பிரிவில் நான் ப்ராப்பர்ட்டி கிளார்க். எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. கர்னல் என் மேலதிகாரி. அவர் நாடு பர்மா ராணுவத்துக்கு, புயல் வெள்ளக் காலங்களில் உதவட்டும் என்று பன்னிரண்டு ஃபீல்ட் கிச்சன்கள் கொடுத்திருந்தது. ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர், அதன் மேல் நான்கு அடுப்பு, இரண்டு பெரிய அண்டா. அவ்வளவுதான் சங்கதி.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவ உதவியாகக் கொடுத்த பொருள் முழுசாக வாங்கியவருடையது ஆகிவிடாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாமனார் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பது மாதிரி, கொடுத்த அரசு பார்த்துக்கொண்டே இருக்கும். தேவையில்லை, சர்ப்ளஸ் என்று முடிவானால்கூட அதன் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது, உடைக்கக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது. பீரங்கிக்கும் இதே சட்டம், கரண்டிக்கும் இதே சட்டம்.

எங்கள் பன்னிரண்டும் சர்ப்ளஸ் ஆகி, நட்பு நாடு ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடு. அதுவரை யாங்கோனுக்கு வெளியே, மாவ்பி என்ற ஊரில் ஒரு ஷெட். ஷெட்டுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று பர்மா ராணுவத்து மேஜர் ஒருவரிடம்.

பன்னிரண்டாவது எங்கே போனது? இரண்டு மாதத்துக்கு முன் மாவ்பியில் வெள்ளம். பக்கத்து மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு ஊர் ஜனமும் வந்து தங்கிவிட்டது. மடத்தின் தலைமை பிக்கு சயாடோ நனைந்த காவியோடு ஷெட் வாசலில் வந்து நின்று, "சமைக்க அடுப்பு இல்லை, தகாஜீ" என்றார். கொடையாளியே என்று அர்த்தம். பிக்குகள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன். "மூன்று அரசாங்கம் கையெழுத்துப் போடணுமே" என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே வாய்தான்.

மேஜருக்குப் போன் போட்டேன். வந்தார், தன் பூட்டைத் திறந்தார், போனார். "மூன்று நாள் இரவல்" என்று, வண்டி வெளியே போக நான் கேட்பாஸ் எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று நாள் இரண்டு மாதமானது. திருப்பி வாங்கப் போகும்போதெல்லாம் சயாடோ என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுவிடுவார். சாப்பிட்ட கையோடு அடுப்பைக் கேட்பது எப்படி?

2. பொன் எழுத்து

சனிக்கிழமை காலையில் டிரைவர் ஹனீபா பாயோடு மடத்துக்குப் போனேன். அவரும் யாங்கோனில் எங்கள் பசுந்தாங் பேட்டைக்காரர், என் பக்கத்துத் தெரு. சாப்பாட்டுக் கூடத்தின் ஓரம் நின்ற வண்டியை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

போன தடவை வந்தபோதுகூட ராணுவப் பச்சையில் இருந்த வண்டி இப்போது காவி நிறத்தில் நின்றது. அதில் தங்க வர்ணத்தில் முழ உயரப் பர்மா எழுத்து: "பசுந்தாங் ஊ சோ மவுங், டோ மல்லிகா குடும்பத்தாரின் தர்மம்."

ஊ என்றால் திரு, டோ என்றால் திருமதி. ஊ சோ மவுங் என்பது நான்தான். தூதரகத்துக்கு சுப்பிரமணி, பர்மாக்காரர்களுக்கு சோ மவுங். மல்லிகா என் சம்சாரம், அவளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பேர். இந்த ஊரில் மடத்துக்குக் குடிதண்ணீர்ப் பானை கொடுத்தாலும் கொடுத்தவர் பேரை எழுதிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். கேட்பாஸில் இரவல் என்று எழுதத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

"அண்ணே, அரசாங்கச் சொத்த உங்க பேர்ல தர்மம் பண்ணிட்டீங்களே!" என்று ஹனீபா பாய் சிரித்தார்.

"சிரிக்காதீங்க பாய். என் வேலை போகப்போவுது."

"கர்னலுக்கு பர்மா எழுத்து தெரியாதுல்ல?"

"மேஜருக்குத் தெரியுமே! 'மணிதான் கேட்டான், பெர்மிஷன் இருக்கும்னு நெனச்சேன்'னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் காலி."

சயாடோ தடை சொல்லவில்லை. "எடுத்துப் போங்க தகாஜீ. பிள்ளைங்களுக்குப் பழையபடி கல்லு வச்சு ஆக்கிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெள்ளத்து ஜனம் போய்விட்டாலும், பள்ளிப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஷெட்டுக்கு இழுத்து வந்து தின்னர் போட்டுத் தேய்த்தேன். நல்ல கார் பெயிண்ட் போலிருக்கிறது. என் விரல் தோல் உரிந்தது, என் பேர் உரியவில்லை. எழுத்து இருந்த பக்கத்தைவிட்டு நான் அசையவே இல்லை. கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்ட மல்லிகா, "என் பேர சரியா எழுதியிருக்காங்களா?" என்றாள்.

3. முதுகு

திங்கட்கிழமை கர்னல் வந்தார், மேஜர் வந்தார், வாங்கப்போகும் நாட்டிலிருந்து ஒரு பெண் கேப்டன் வந்தார். பதினொன்றின் சீரியல் நம்பரும் சரிபார்த்தாகிவிட்டது. பன்னிரண்டாவதின் முன்னால் வந்து நின்ற கேப்டன், "இதுக்கு மட்டும் ஏன் போர்வை? ஜுரமா?" என்றார்.

கர்னல் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். நான் ஒரே தாவில் போய் வண்டியில் முதுகைச் சாய்த்து, கைகளை விரித்து, என் பேரை மறைத்து நின்றேன். ஒரு கிளார்க் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிற நிலையா அது?

வண்டிக்கு அந்தப் பக்கம் போன மேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்! முதுகு வண்டியில், கைகள் இரண்டும் விரித்து, பின்கழுத்தெல்லாம் வியர்வை.

"ரெண்டு பேரும் நகருங்க" என்றார் கர்னல்.

நான் நகர்ந்தேன். மேஜர் நகர யோசித்தார், பிறகு நகர்ந்தார். அந்தப் பக்கமும் தங்க எழுத்து. மேஜர் பேர், அவர் மனைவி பேர், இரண்டு மகள்கள் பேர். இரண்டு சாவி போட்டுத் திறந்த வண்டிக்கு சயாடோ இரண்டு கொடையாளி எழுதியிருக்கிறார்! யாரைப் பார்த்து நான் நான்கு நாளாக நடுங்கினேனோ, அவர் என்னைப் பார்த்து நடுங்கியிருக்கிறார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. வெள்ளம், கேட்பாஸ், பேர் எழுதும் வழக்கம் எல்லாவற்றையும் கர்னலிடம் சொன்னேன். மேஜர், "பூட்டு என்னோடதுதான்" என்றார். கர்னல் முகம் சிவந்துகொண்டே போனது.

இதற்குள் கேப்டன் அண்டாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் பருப்பு கருகி ஒட்டியிருந்தது. "கர்னல், மத்த பதினோரு அடுப்புலயும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. நீங்க வெள்ளத்துக்குன்னு கொடுத்ததுல, வெள்ளத்தப் பார்த்தது இது ஒண்ணுதான்" என்றார். "எங்களுக்குப் பதினொண்ணு போதும். காவி வண்டிய எங்க பச்சை வரிசைல நிறுத்த முடியாது."

கர்னல் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க மூணு தரப்பும் சம்மதம்னு ஃபார்ம் டைப் பண்ணு. பழைய தேதி போட்டே, தொலைச்சிடுவேன். இன்னைக்குத் தேதி. அதோட உனக்கு ஒரு வார்னிங் லெட்டர். அதையும் நீயே டைப் பண்ணு."

என் வார்னிங் லெட்டரை அவ்வளவு சந்தோஷமாக, பிழையில்லாமல் நான்தான் டைப் செய்தேன்.

அன்று மத்தியானமே வண்டி மடத்துக்குத் திரும்பியது. உண்மையில் கொடுத்த நாட்டின் பேரை எழுத வேண்டும் என்பது கர்னலின் நிபந்தனை. சயாடோ சம்மதித்தார், ஆனால் எழுதிய பேரை அழிக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டதால், ஒரு பெரிய நாட்டின் பேர் அண்டா மூடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

திரும்பும் வழியில் ஹனீபா பாய், "அந்தப் பக்கம் மேஜர் பேர் இருந்தத நான் சனிக்கிழமையே பாத்தேண்ணே" என்றார்.

"பாய்! ஏன் சொல்லல?"

"நீங்க உங்க பேரையே பாத்துட்டிருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னுட்டு..."

இன்றைக்கும் எந்தப் பொருளைச் சரிபார்க்கப் போனாலும், கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு முறை முழுசாகச் சுற்றி வருவேன். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நான் பிரதட்சிணம் செய்கிறேன் என்று நினைத்து, ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை.