வரிக்கு விடுமுறை விட்ட வருஷம்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டிலிருந்து எங்களையே வெளியே நிறுத்திவைப்பார்கள். தோசைக்கல்லை இறக்கிவைத்து, அடுப்பை அணைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு, நானும் என் மனைவி செல்வியும் மகள் பாப்பாவும் பின்பக்கத் தோட்டத்தில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நிற்போம். முகக்கவசம் போட்ட யாரோ ஒரு தம்பதி மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடப்பார்கள். படுக்கையறை அலமாரியைத் திறந்து பார்ப்பது கண்ணாடி வழியே தெரியும். கொரோனா காலம். வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே இருக்கும்போது குடியிருப்பவர்கள் வெளியே இருப்பது நல்லது என்பது அன்றைய வழிமுறை. "இது நம்ம வீடுதானே, நாம ஏன் வெளிய நிக்கோம்?" என்று பாப்பா கேட்டாள். நம்ம வீடு இல்லை என்று சொல்லாமல், அவள் ஸ்வெட்டர் பொத்தானை மாட்டிவிட்டேன்.

இங்கிலாந்தில், நார்தாம்ப்டனில், ஆறேழு வருஷமாக அந்த வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் ஸ்டீவ் நல்ல மனிதர். பாய்லர் கெட்டால் அன்றே ஆள் அனுப்புவார். அவர்தான் ஒருநாள் போன் செய்து, மன்னிக்க வேண்டும், வீட்டை விற்கப்போகிறேன், இப்போது விற்றால்தான் நல்ல விலை என்றார். காரணம், அரசாங்கம் ஸ்டாம்ப் டியூட்டிக்கு 'ஹாலிடே' அறிவித்திருந்தது. நம் ஊரில் பத்திரம் பதியும்போது முத்திரைத்தாளுக்குக் கட்டுகிறோமே, அதே வரி. நோய்க் காலத்தில் வீட்டுச் சந்தை படுத்துவிடக் கூடாது என்று, ஐந்து லட்சம் பவுண்டு வரைக்கும் கொஞ்ச மாதங்களுக்கு வரியே வேண்டாம் என்றார்கள். வரிக்கு விடுமுறை என்ற சொல்லே எனக்குப் புதிது. பள்ளிக்கூடத்துக்குத்தான் விடுமுறை கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன். எப்படியும் வீடு மாற வேண்டும், சொந்தமாகவே வாங்கிவிடலாம், அரசாங்கமே கை கொடுக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். குருவிகுளத்துக்காரி அவள், எதையும் இரண்டு தரம் படிப்பாள். அன்று ராத்திரி படித்துவிட்டுச் சொன்னாள்: முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மூன்று லட்சம் வரை ஏற்கெனவே அந்த வரி கிடையாதாம். நாங்கள் பார்க்கும் வீடுகள் எல்லாம் அதற்குள்தான். "அப்ப நமக்கு இதுல ஒண்ணும் மிச்சமில்ல. மத்தவங்களுக்குத்தான் மிச்சம். அவங்க அந்தக் காசைக் கொண்டுட்டு நாம கேக்க வீட்டுக்கு வருவாங்க" என்றாள். அவள் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டுக்கு விலை சொல்லும்போது ஏஜென்ட் பெண் போனில் கேட்டாள், உங்களுக்கு செயின் ஏதாவது உண்டா என்று. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செல்வியின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. "அவ என்னத்துக்குச் செயினைக் கேக்கா?" என்று மெல்லக் கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது, ஆனால் விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெண் குழம்பி, அப்படியானால் வேறொரு வீடு வைத்திருக்கிறீர்களா என்றாள். ஒருவர் தன் வீட்டை விற்று அடுத்ததை வாங்க, அவருக்கு விற்றவர் இன்னொன்றை வாங்க, இப்படி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் வரிசைக்குத்தான் இங்கே செயின் என்று பெயர். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் விழும். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றாள் அவள்.

அந்த வீட்டைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பாப்பா தன் அறை எது என்று தேர்ந்தெடுத்துவிட்டாள். மூன்றாவது வாரம் ஏஜென்ட் போன் செய்து, வேறொருவர் கூடுதலாகக் கேட்டிருக்கிறார் என்றாள். வாடகைக்கு விடுவதற்காக வீடுகளாக வாங்கிப் போடுகிற ஆள். வரியில் மிச்சமானதை விலையில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகு எப்படி மாற்றலாம் என்று கேட்டேன். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும் வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் பாத்திரம் கழுவினேன். கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை.

சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்ததில்லை. அப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். ஊர் முழுக்க விளக்கு எரிய வைத்தவர், வாடகை வீடு வாடகை வீடாக எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். கடைசியில் கழுகுமலை ரோட்டில் ஒரு மனை வாங்கினார். விற்றவர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, பத்திரம் பதிந்து தராமல் எட்டு மாதம் இழுத்தடித்தார். இன்றைக்கு அமாவாசை, நாளைக்குத் தம்பி ஊரில் இல்லை என்று தினமும் ஒரு சாக்கு. எங்கள் ஊரில் எல்லாரும் சொன்ன சொல் தவறாதவர்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம். இங்கே நான் யார் வாசலில் போய் உட்காருவது? எனக்கு ஒப்புக்கொண்ட வீட்டை வாங்கியவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த மனையில் அப்பா கடைசிவரை வீடு கட்டவில்லை. அக்காவுக்கு நகை போட்டு அனுப்பியதால் மனை எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வீடு கெவின் என்பவருடையது. இந்த நேரத்துக்குள் அதே அளவு வீடுகளின் விலை எங்கள் கண்ணெதிரே ஏறிவிட்டது. கெவின் கேட்ட விலைக்குத் தலையாட்டினோம். வங்கியோ, வீடு அவ்வளவு பெறாது, மதிப்பிட்ட விலைக்குத்தான் கடன், மிச்சத்தை நீங்கள் போடுங்கள் என்றது. எங்களிடம் மிச்சம் என்று இருந்தது கழுகுமலை ரோட்டு மனை ஒன்றுதான். சிவகிரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். ஊரை விட்டு வரும்போதே அத்தான் பேரில் பவர் எழுதிக் கொடுத்திருந்ததால், அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா சொன்னாள், "ஏலே, அங்கன வரியக் குறைக்கான்னு இங்கன மனைய விக்கச் சொல்லுத. எனக்கு ஒண்ணும் வெளங்கலலே."

வரி விடுமுறைக்குக் கெடு தேதி ஒன்று இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்றேன்.

"ஒனக்கு அந்த வரியே கெடையாதுன்னுதான செல்வி சொன்னா? பொறவு ஒனக்கென்ன கெடு?"

கெடு எனக்கு இல்லை, கெவினுக்கு. அவர் எங்களுக்கு விற்றுவிட்டு இன்னும் பெரிய வீடாக வாங்குகிறார். கெடு தாண்டினால் அவர் பல ஆயிரம் பவுண்டு வரி கட்ட வேண்டும். ஆகவே எங்களை அவசரப்படுத்துகிறார். இதை அக்காவிடம் சொன்னபோது எனக்கே கேட்க நன்றாக இல்லை. அத்தான் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் பேசி முடித்தார். அவசரம் என்று தெரிந்ததும் அவர் விலையை அடித்துக் கேட்டார். கொடுத்தோம்.

பணம் வந்து சேர்ந்தது. பிறகு காத்திருந்தோம். வீட்டைப் பற்றி வக்கீல்கள் நகராட்சிக் கவுன்சிலில் கேட்ட விவரங்கள் வர வாரக்கணக்கானது. நாடே ஒரே நேரத்தில் வீடு மாறிக்கொண்டிருந்தது. கெடு ஒருமுறை நீண்டது. நீண்டதும் இன்னும் பலர் உள்ளே வந்து விழுந்தார்கள், வரிசை இன்னும் நீண்டது. ஸ்டீவின் வீடு விற்றுப்போனது. சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். தினமும் மதிய இடைவேளையில், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பின்வாசலில் நின்று வக்கீலுக்குப் போன் செய்வேன். இன்னும் வரவில்லை என்பார்கள்.

நீட்டிய கெடுவும் தாண்டியது. மறுவாரம் கெவினே என்னைப் பார்க்க வந்தார். வாசலில் இரண்டடி தள்ளி நின்றார். மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, வரியும் கட்டி அந்த வீட்டை வாங்கத் தன்னால் முடியாது, ஆகவே இருக்கிற வீட்டை விற்காமல் அதிலேயே இருந்துகொள்கிறோம் என்றார். "நத்திங் பர்சனல்" என்றார். அப்படியென்றால் எங்கள் மேல் கோபம் இல்லை என்று அர்த்தம். கோபப்பட வேண்டியவன் நான் அல்லவா? ஆனால் அவர் கண் சிவந்திருந்தது. குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்தால் செல்வி ஒரு பெட்டியைப் பிரித்து இட்லித் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். "அவரு வந்து சொல்லவாவது செஞ்சாரு" என்றாள்.

ஒரு கோழிவறுவல் கடைக்கு மேலே வாடகைக்கு இடம் பிடித்துப் போனோம். விடுமுறை முடிந்து வரி திரும்பி வந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. மனை விற்ற காசு வங்கியில் கிடக்கிறது. அது இப்போது முன்பணத்துக்கும் காணாது. விலகிப்போன வீட்டுக்கு வக்கீல் செலவும் சர்வே செலவும் நாங்கள்தான் கட்டினோம். சந்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரோ டி.வி.யில் சொன்னார்கள். காப்பாற்றியிருக்கலாம். சந்தைக்குள் நாங்கள் இல்லை, அவ்வளவுதான். இங்கே வரப்போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: சலுகை என்று கேள்விப்பட்டால், அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று முதலில் பாருங்கள்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். கூடப் படித்தவன் மகளுக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணம், விடியற்காலை முகூர்த்தம். சிவகிரியிலிருந்து அந்நேரம் வருவது சிரமம் என்று முந்தின நாள் மாலையே கிளம்பி வந்தேன். ஆட்டோ கழுகுமலை ரோடு வழியாகப் போனது. மனையில் வீடு எழும்பி, மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. நிறுத்தச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரூம் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"லோக்கல் ஆளுகளுக்கு ரூம் குடுக்கது இல்ல அண்ணாச்சி. மொதலாளி கண்டிஷனாச் சொல்லியிருக்காரு."

"நான் இந்த ஊர்தான். ஆனா இங்கன எனக்கு வீடு இல்ல."

"ஆதார்ல வீடு இருக்குல்லா?"

அது அப்பா கடைசியாக இருந்த வாடகை வீடு. அதையெல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது? பர்ஸிலிருந்து இங்கிலாந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"ஃபாரினா? மொதல்லயே சொல்லக் கூடாதா? ஏசி ரூம் இருக்கு. இந்த அட்ரஸையே எழுதிக்கிடட்டுமா?"

ஸ்டீவின் வீட்டு முகவரி. மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றாமலே விட்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். கவுண்டர் மேல் இரண்டு அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் என் முகம் இருந்தது. இரண்டு வீட்டிலும் இப்போது வேறு யாரோதான் விளக்குப் போடுகிறார்கள்.