முதலாளியின் கார் தானாகப் பாய்ந்த காலை

அந்தக் காரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. காரின் மேல்கூட அல்ல, அதை நம்பிய மனிதரின் மேல்.

போரின் கடைசி வருடங்கள் அவை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வெள்ளவத்தையில் ஒரு முதலாளியிடம் டிரைவராக வேலை பார்த்தேன். அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்தவர்தான். குளியலறைச் சாமான்களை இறக்குமதி செய்து விற்றார். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை என்னுடையது. ஒரு சைக்கிளைக்கூட நான் தட்டியதில்லை.

ஒருநாள் ஜப்பானில் ஓடிய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிடி. அதை அழுத்தி வேகத்தைக் குறித்துவிட்டால், கார் முன்னால் போகும் வாகனத்தைத் தானே பார்த்து, அது மெதுவானால் மெதுவாகி, அது ஓடினால் ஓடும். விளக்கப் புத்தகம் முழுவதும் ஜப்பானிய எழுத்து. விற்றவர் பத்து நிமிடம் சொன்னதுதான் எங்கள் படிப்பு. சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். முதலாளி கண்ணை மூடி, கோயில் மணியைக் கேட்பதுபோல அதைக் கேட்பார்.

"கேளும், இது மனுசர் மாதிரி இல்லை. நித்திரை கொள்ளாது, பிராக்குப் பார்க்காது. நீர் சும்மா பிடிச்சுக்கொண்டு இரும்" என்றார்.

"சேர், எங்கட றோட்டுக்கு இது சரிவராது. த்ரீவீல்காரன் குறுக்க வெட்டுவான், பஸ்காரன் நடுவில நிப்பாட்டுவான்."

"உங்களை மாதிரி டிரைவர்மாருக்குப் புதுசா ஒண்டு வந்தா உடன பயம்."

எனக்குப் புதியதில் வெறுப்பு இருக்கவில்லை. கியர் மாற்றத் தேவையில்லாத கார் வந்தபோது முதலில் சந்தோசப்பட்டவன் நான். தெஹிவளையில் ஒரு முஸ்லிம் டொக்டருக்குக் கார் ஓட்டிய என் கூட்டாளிக்கு இதே வசதி கிடைத்தது. புத்தளம் போய்வந்தால் இப்போது முழங்கால் நோவதில்லை என்று அவன் சொன்னான். ஆனால் அதை எப்போது போடுவது, எப்போது விடுவது என்பதை அந்த டொக்டர் அவனிடமே விட்டிருந்தார். என்னுடையவர் பின் சீற்றில் இருந்து கட்டளை போட்டார்.

ஒரு காலை அவரை எயார்போட்டுக்குக் கொண்டுபோனேன். பேலியகொடை தாண்டியதும், "எண்பதில போடும்" என்றார். போட்டேன். முன்னால் ஒரு பஸ் ஐம்பதில் போனது. நாங்களும் அதன் பின்னால் ஐம்பதில் போனோம். ஜாஎல கடந்து ஒரு வளைவு. வளைவு முடியுமிடத்தில் புதிதாக ஒரு செக்பொயின்ட் போட்டிருந்தார்கள். பஸ், ஆட்களை இறக்கிச் சோதிப்பதற்காக இடப்பக்கம் ஒதுங்கியது. செக்பொயின்ட் என்று எங்கள் காருக்கு என்ன தெரியும்? முன்னால் வாகனம் இல்லை, பாதை காலி. எண்பதைப் பிடிக்க ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. தார்ப் பீப்பாக்களும் கையை உயர்த்திய ஆமிக்காரரும் எதிரே வந்தார்கள். நான் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். முதல் பீப்பாவைக் கடந்து நின்றது கார். ஆமிக்காரர் ஒருவர் பக்கவாட்டில் குதித்திருந்தார். நாலு துவக்குகள் கண்ணாடியைப் பார்த்தன.

என்னை இழுத்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

முதலாளி கண்ணாடியை இறக்கி, நல்ல சிங்களத்தில் சொன்னார்: "மம தன்னே நே. டிரைவர்கே வெரத்த."

தனக்கு ஒன்றும் தெரியாதாம். பிழை டிரைவருடையதாம். எண்பது என்று சொன்ன அதே வாய். அவருடைய விமான ரிக்கெற்றைப் பார்த்து, வேறொரு வாகனத்தை மறித்து அவரை ஏற்றி அனுப்பினார்கள். போகும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் நல்லவன், தன்னிடம் வேலை செய்பவன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் அந்த நேரமும் என் சட்டைப் பையில் இருந்தது.

மத்தியானம்வரை மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகையில் இருத்தி வைத்தார்கள். கேட்டதையே கேட்டார்கள். சொன்னதையே சொன்னேன். கார் தானாக ஓடியது என்றால் யார் நம்புவார்? கடைசியில் ஒரு கோப்ரல் வந்தார். படையில் சேர முதல் கராஜில் வேலை செய்தவராம். முதலில் சிரித்தார். பிறகு சாவியை வாங்கி, என்னைப் பக்கத்தில் இருத்தி, இன்னொரு ஆமிக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டினார். ஒரு லொறிக்குப் பின்னால் போய் நான் காட்டியபடி பிடியை அழுத்தினார். லொறி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பியதும் கார் பாய்ந்தது. அவர் பதறிப் பிரேக் அடித்தார்.

"அய்யே, மேக்கட பிஸ்ஸு" என்றார். அண்ணை, இதற்குப் பைத்தியம்.

திரும்பி வந்து தன் மேலதிகாரியிடம் அதையே சொன்னார். பின்னேரம் என்னை விட்டார்கள். சொந்த முதலாளி சொல்லாத உண்மையை, காலையில் எனக்குத் துவக்கு நீட்டிய கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து முதலாளி பயணத்தால் திரும்பி வந்தார். நான் ஓட்டும்போது நித்திரை கொண்டதாகக் கந்தோரில் எல்லோருக்கும் சொன்னார். நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"நித்திரை கொண்டவன் எப்பிடிச் சேர் பிரேக் அடிச்சவன்?"

"கார் தானா நிண்டிருக்கும்" என்றார், கடதாசியிலிருந்து தலையை எடுக்காமல்.

பாய்ந்தது நானாம், நின்றது காராம். அன்றே சாவியை மேசையில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. யாழ்ப்பாணத்தவன் கொழும்பில் தங்குவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும்; வேலைக் கடிதம் இல்லாமல் அந்தப் பதிவு நிலைக்காது. அது அவருக்கும் தெரியும்.

எட்டு மாதம் இருந்தேன். அந்தப் பிடியைத் தொடவேயில்லை. எயார்போட் றோட்டில் ஏறியதும், "போட்டிட்டீரோ?" என்பார். "ஓம் சேர்" என்பேன். "பார்த்தீரோ, என்ன சுகமாப் போகுது. மனுசரால இப்பிடி ஓட ஏலாது" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சுட்டது.

பேலியகொடையில் மீன் ஏற்றும் லொறி ஒன்றில் வேலையும், புது முதலாளியின் கடிதமும் கிடைத்த அன்று சாவியைக் கொடுத்தேன்.

"சேர், எட்டு மாசமா அதை நான் போடேல்லை. முழுக்க நான்தான் ஓடினனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மா பொய் சொல்லாதையும். வித்தியாசம் எனக்குத் தெரியாதோ?" என்றார்.