தலை நீக்கிய இறால்

சம்பத்குமாரின் அப்பா திருமலையில் பிரபந்த கோஷ்டியில் இருந்தவர். பிள்ளைக்குக் குரல் வரவில்லை, கெமிஸ்ட்ரிதான் வந்தது. திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் சோதிக்கச் சேர்ந்தார். ஏற்றுமதிக்காரர்கள் வர ஆரம்பித்ததும் தண்ணீரோடு இறாலும் வந்தது. குட்டையில் வளர்த்தது, கடலில் பிடித்தது என்று பெட்டி பெட்டியாக ஐஸில் வந்து இறங்கும். சதையை அமிலத்தில் கரைத்து, மெஷினில் கொடுத்து, விஷ உலோகங்களில் காட்மியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் மட்டும் இன்றுவரை "வாட்டர் டெஸ்டிங்"தான். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளிக்கப் போய்விடுவார். மனைவி வரலக்ஷ்மிக்கு மூக்கு இல்லையா என்ன? அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வீட்டில் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

இறாலைக் கையால் தொடுகிறவள் தபீதாள். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். புருஷன் போனபின் ஒரே மகள் ஜெமிமாவோடு திருப்பதிக்கு வந்து, கூடத்தில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சதையைத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்துவாள். சோதிக்க வேண்டியது "சாப்பிடும் பகுதி" என்று படிவத்தில் இருக்கும். அது சதைதான் என்று யாரோ சொன்னதை அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தபீதாள் கேட்டாள்: "சார், இந்தத் தலைங்க குப்பைக்குத்தானே போவுது? நான் எடுத்துக்கினு போவட்டா?"

"தாராளமா எடுத்துண்டு போங்கோ," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ரோஜாச் செடிக்கு உரம் போடுவாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். மனுஷர்கள் அதைச் சாப்பிடுவார்கள் என்று அவருக்கு எங்கே தோன்றப்போகிறது!

இந்த ஜூனில் ஒரு கம்பெனி, இறாலைத் தலையோடு விற்கப்போகிறோம், தலையையும் தனியாகப் பாருங்கள் என்றது. பார்த்தார். சதையில் இருந்ததைப்போலப் பல மடங்கு காட்மியம். மெஷின்தான் தப்போ என்று மறுபடி போட்டார். அதே எண்தான். உலோகமெல்லாம் போய்ச் சேருகிற ஈரல் அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது என்று எப்போதோ படித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கும் தபீதாள் தலைகளைக் கவரில் கட்டிக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் அவள் ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்தாள். போன வருஷம் கல்யாணமான ஜெமிமாவுக்கு மூன்றாம் மாசமாம்.

"எதைத் துன்னாலும் வாந்தி சார். எறாத் தலைய இடிச்சுப் புழிஞ்சு சாறு வெச்சா மட்டும்தான் குடிக்குது. எனக்குப் பயமே இல்ல சார். மார்க்கெட்டு எறாவா இன்னா, நீங்க டெஸ்ட் பண்ணி ஓகே சொன்ன எறா!"

ஐயோ, ஒன்பது வருஷம்! சம்பத்குமார் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டியவர்தான். ஆனால் அவள் என்ன நினைப்பாள், முதலாளி என்ன சொல்வார், விஷயம் பெரிதானால் வரலக்ஷ்மி காதுக்கும் இறால் எட்டுமே என்று ஒரு ராத்திரி தள்ளிப் போட்டார். மறுநாள் ஒரு பொய்யைச் சொன்னார்.

"இனிமே சாம்பிள் எதையும் வெளியில கொடுக்கப்படாதுன்னு மேலேர்ந்து ஆர்டர்மா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "திருடிக்கினா போனேன் சார்? கேட்டுட்டுத்தானே எடுத்தேன்?" என்றாள். அதன்பிறகு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், தலை போவது நின்றதே என்று இந்த மனுஷர் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது!

அக்டோபரில் ஒரு நாள் தட்டை நகர்த்தும்போது அவளே சொன்னாள்.

"நீங்க குடுக்காட்டி இன்னா சார், மார்க்கெட்ல எறா உரிக்கிறவங்களாண்ட சொல்லி வெச்சிட்டேன். தினம் ஒரு கவர் குடுக்கறாங்க. ஒரு நாள் வுடாம குடிக்குது பொண்ணு."

சம்பத்குமார் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார். இந்தத் தடவை சொல்லிவிட்டார். காட்மியம், ஈரல், சிறுநீரகம், வயிற்றுப் பிள்ளை என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார்.

தபீதாள் கடைசிவரை கேட்டாள். "எப்பத் தெரியும் சார் உங்களுக்கு?"

"தலையில இருக்குன்னு ஜூன்ல தெரியும். நீங்க சாப்பிடறேள்னு ஆகஸ்ட்லதான் தெரியும்."

அவள் மகளின் மாசங்களை விரல் மடக்கி எண்ணினாள். மூணு, நாலு, அஞ்சு. "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்கள அடிச்சிருப்பேனா சார்?"

"உடனே ஏதாவது ஆயிடும்னு சொல்லலைம்மா, ஒரு டாக்டரைப் பார்த்து..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள்.

"ஜெமிமா, அடுப்புல இருக்கற சாறைக் கீழ ஊத்திடு. ஊத்துன்னா ஊத்து. இனிமே அது வேணாம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போலாம், ரெடியா இரு."

மகள் அந்தப் பக்கம் கேட்டது சம்பத்குமாருக்கும் கேட்டது. "ஏம்மா? சாரு ஏதாச்சும் சொன்னாரா?"

தபீதாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"சாரு எங்கடி சொன்னாரு?" என்று போனை வைத்தாள்.