முனீப் போட்ட குழாய்

இல்லை சுபைதா, முனீப் பழைய பம்பைப் புதியதென்று ஏமாற்றினான் என்று மட்டும் சொல்லாதே. பம்பு புதியதுதான். பெட்டி உடைத்ததை இந்தத் தெருவே பார்த்தது. அவன் செய்தது பிழை. களவு வேறு, பிழை வேறு.

கிண்ணியாக் கரையில் போட் எஞ்சின் திருத்திக் கை பழகியவன் அவன். கார் வேலை பிறகு வந்தது. அவன் கூட்டாளி அர்ஷாக் தன் காருக்கு டர்போ பூட்டிக்கொண்டு வந்து நின்றான். அது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். அதனால்தான் முனீப் பெற்றோல் டாங்கிக்குள் பெரிய பம்பு வைத்தான், பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்டரையும் மாற்றினான். அதெல்லாம் சரி. காரின் பொனற்றுக்குள்ளே ஒரு சாண் பெற்றோல் குழாய் காய்ந்து இறுகிப்போயிருந்தது. சுவரில் தொங்கிய போட் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டிவிட்டான். போட் எஞ்சின் எண்ணெயை மெல்ல உறிஞ்சிக் குடிக்கும். காரின் பம்போ முழு வேகத்தில் தள்ளும், போட் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அவன் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கிண்ணியாப் பாலத்தில் வைத்துக் குழாய் வெடித்துக் கார் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் போய் அர்ஷாக்கின் இரண்டு கையும் வெந்தன. எரிந்த காரைப் பார்க்கப் போன முனீப், பிளந்து கிடந்த குழாய்த் துண்டைக் கண்டவுடன் விளங்கிக்கொண்டான். அதை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சாரன் மடிப்பில் சொருகிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அர்ஷாக்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னான்.

"நான்தான் கூட மிதிச்சிட்டன், மச்சான். உன்ட வேலையில என்ன குறை?"

கட்டுப்போட்ட அந்தக் கைகளைப் பார்க்க ஏலாமல் முனீப் தண்ணீர்ப் போத்தலை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும்போது, அர்ஷாக்கின் மாமனார் பள்ளிவாசல் முன்னால் நின்று மருமகனை ஏசினார். "பைத்தியக்காரனுக்குப் பிள்ளையக் குடுத்திட்டன். ரேஸ் ஓடி எரிச்சிருக்கான்." முனீப் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் பள்ளிவாசல் பக்கம் போகாமல் வீட்டிலேயே தொழுதான்.

சாரன் கழுவ எடுத்த பஸ்மியாவின் கையில் அந்தத் துண்டு அகப்பட்டது. போட் எஞ்சின்காரனின் பெண்சாதிக்கு அது தெரியாதா?

"இது கடலுக்குப் போற குழாயல்லவா?"

"ஓம்."

"அர்ஷாக் காக்காட காரிலயா போட்டீங்க?"

"ஓம்."

அவள் சத்தம் போடவில்லை. வாளியை ஓரமாக வைத்தாள். "வேற ஆருக்குப் போட்டீங்க?"

அதைத்தான் அவன் தனக்குள் கேட்காமல் இருந்தான். மூதூரில் லாபிரின் காரிலும் அதே குழாய். அன்புவழிபுரத்துத் தர்சனின் காரிலும் அதே குழாய்.

"தர்சன் பிள்ளைகள ஏத்திக்கொண்டெல்லோ பள்ளிக்கூடம் போறவர்? நீங்க இஞ்ச குந்திக்கொண்டிருக்கிறீங்க?"

"என்ன முகத்தோட நான் போறது, பஸ்மியா?"

"இருக்கிற முகத்தோடதான். வேற முகம் வாங்கியா தாறது?"

அந்த இடத்திலேயே முனீப் தர்சனுக்கும் லாபிருக்கும் போன் எடுத்தான். காரைத் தொடவேண்டாம், பூட்டினதில் தன் பிழை இருக்கிறது, வந்து கழற்றுகிறேன் என்றான். தர்சன், "இண்டைக்குக் காலமையும் பிள்ளையளோட போனனான், அண்ணை" என்றார், அவ்வளவுதான். முனீப் போனை வைத்துவிட்டு முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான்.

மறுநாள் காலையில் புறப்பட்டான். பஸ்மியா தேத்தண்ணி ஊற்றி வைத்தும் குடிக்கவில்லை.

"முதல்ல எங்க?" என்றாள்.

"அர்ஷாக் வீட்ட. மாமனாரும் இருக்கிற நேரம். அவருக்கு முன்னால சொல்லோணும்."

"அவர் அடிச்சா?"

"அடிக்கட்டும்."

சாமான்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினான். சுபைதா, நீ அப்போது உன் வீட்டு வாசல் கேற்றடியில் நின்றாய். "என்ன முனீப், பெட்டியும் கையுமா? ஊர விட்டுப் போறியா?" என்று கேட்டாய். எந்த நாளும் சலாம் சொல்லிப் போகிறவன், அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் நிற்கிற பக்கம் திரும்பாமல் அர்ஷாக் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் நடந்தான்.