மேதாவியும் மட்டமான பெட்டியும்

அலுவலகத்தில் அவனுக்கு மேதாவி என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்ததை அவன் மனமார ஏற்றுக்கொண்டான். கணினியில் எதைச் செருகினாலும் அதை அடையாளம் கண்டு வேலை வாங்குகிற டிரைவர் என்னும் மென்பொருளை எழுதுவது அவன் தொழில். "சார், அப்டேட் போட்டதுலேர்ந்து என் பிரிண்டர் வேலை செய்யல" என்று யாராவது எழுதினால் பாதிகூடப் படிக்க மாட்டான். "பொருள் மட்டம். நல்லதா ஒண்ணு வாங்குங்க" என்று கதையை முடித்துவிடுவான். கேபிள் மட்டம், செய்தவன் மட்டம், வாங்கியவன் அதைவிட மட்டம். தன் டிரைவரில் ஒரு பிழை இருந்ததாக அவன் வாயால் யாரும் கேட்டதில்லை.

அவன் முகத்துக்கு நேரே சிரிக்கும் துணிச்சல் அண்ணன் ஒருவருக்குத்தான் இருந்தது. பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது, கிண்டல் போகவில்லை. யூஎஸ்பியில் செருகும் பொத்தான் பெட்டி ஒன்று வாங்கினார்கள். அசைகிற ஒற்றை விரலால் அமுக்கி அமுக்கி எழுத்துகளைப் பொறுக்குவார். முடிந்ததும் கணினி அதைப் படித்துச் சொல்லும். ஒரு வாக்கியத்துக்குள் காபி ஆறிவிடும். மேதாவிக்கு அவ்வளவு நேரம் ஏது? திரையில் இரண்டு எழுத்து விழுந்ததும் மீதியைத் தானே சொல்லி, தானே பதிலும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான்.

போன மாதம் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, அப்டேட்னு ஏதோ வந்துச்சு. அதுலேர்ந்து பெட்டி வேலை செய்யல. உங்க அண்ணன் பேச முடியாம சுவரையே பாத்துட்டு இருக்காரு. சாப்பிடவும் மாட்டேங்கிறாரு."

"பொருள் மட்டம் அண்ணி. நல்லதா ஒண்ணு வாங்குங்க."

"வேற எதுவும் அவர் விரலுக்கு ஒத்துவரல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்க சொல்றதெல்லாம் அவர் கேட்டுட்டுதான் இருக்காரு. ஒரு தடவ வந்து பாருங்க."

போனான். உதவுவதற்காக அல்ல, பெட்டி மட்டம் என்று நிரூபிக்க. கேபிளை மாற்றினான். வேறு இடத்தில் செருகினான். கணினியை அணைத்துப் போட்டான். 'அடையாளம் தெரியாத சாதனம்' என்றே திரை திரும்பத் திரும்பச் சொன்னது. "பாத்தீங்களா?" என்று அண்ணியிடம் கேட்டான். அதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறதோ! முத்தாய்ப்பாக, பழைய டிரைவரிலும் இது ஓடாது என்று காட்டப் புதியதை நீக்கிப் பழையதைப் போட்டான். பெட்டியின் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மேதாவி இரண்டு டிரைவர்களையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தான். எதைச் செருகினாலும் கணினி முதலில் 'நீ யார்?' என்று கேட்கும். பெட்டி ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தது, கொஞ்சம் மெதுவாக. புதிய டிரைவர் அதுவரை பொறுக்காமல் கதவைச் சாத்தியிருந்தது. காத்திருக்கும் நேரத்தை வெட்டிய புண்ணியவான் வேறு யாருமில்லை, இவனேதான். கணினி ஒரு கண் சிமிட்டும் நேரம் முன்னதாகத் திறக்கிறதாம். அதற்கு மேடையேறிக் கேடயமும் வாங்கினான். அந்தக் கேடயம் இதே அறை அலமாரியில்தான் நின்றது. நாலு பேர் பார்க்கட்டும் என்று அவனே கொண்டுவந்து வைத்தது.

அண்ணன் கேடயத்தை ஒரு தடவை பார்த்தார். அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார். திரையில் 'உ' வந்தது. வெகுநேரம் கழித்து 'ன்' வந்தது.

"உன்னாலதான் சரியாச்சுங்கிறியா? பரவால்லண்ணே, இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா..."

"வாய மூடுங்க தம்பி," என்றார் அண்ணி. இத்தனை வருடத்தில் அவர் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. "அவர் முடிக்கட்டும்."

மேதாவி உட்கார்ந்தான். எழுந்து போகவும் முடியவில்லை, வாய் திறக்கவும் முடியவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணி கொடுத்த காபி கையிலேயே ஆறி ஆடை கட்டியது. கடைசியில் கணினி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் படித்தது:

"உன் பொருள் மட்டம். நல்லதா ஒண்ணு எழுது."

அண்ணன் பெட்டியிலிருந்து விரலை எடுத்தார். அண்ணியைப் பார்த்து, சாப்பாடு போடச் சொல்லி வாயைக் காட்டினார்.